பேயோட்டித் தையல்

என் மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்த வாரத்தில்தான் நான் பாசிமணி பின்னக் கற்றுக்கொள்ளப் போனேன். பின்கட்டுக் குழாயடியில் ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்துவிட்டாள். முழங்கை வரை மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அந்தக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நீங்க ஓட்டுன துணியாக்கூட இருக்கும், பாத்துக்கோங்க. ஊரெல்லாம் சுத்தி நம்ம வீட்டுக்கே வந்துருச்சு" என்றாள்.

இருபது வருடத்துக்கு மேலாக இராஜபாளையத்தில் ஒரு தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறேன். அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அவள் அழுதாள். வலியில் இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். பிள்ளை உண்டானதிலிருந்து அவள் கழுத்தில் எந்த உலோகம் பட்டாலும் தடித்துச் சிவந்துவிடும். கவரிங் என்றில்லை, தங்கச் சங்கிலிக்கும் அப்படித்தான். மஞ்சள் கயிறு ஒன்றுதான் கிடந்தது. எங்கள் சம்பந்தியம்மா, அதாவது மகளின் மாமியார், ஒருநாள் என் மனைவியிடம் கேட்டிருக்கிறார்: "ஏன் மதினி, வளைகாப்பன்னைக்கு இவ மொட்டைக் கழுத்தோடயா மணையில உக்காருவா?"

என் மனைவி யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "நான் எதுக்கு இருக்கேன்? எங் கையாலயே பாசியில அட்டிகை பின்னி எம் மக கழுத்துல போடுறேன், பாருங்க."

சொன்ன கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கும் பாசிப் பின்னல் வகுப்பில் பெயரும் கொடுத்துவிட்டாள். எட்டு வாரம். வகுப்பு தொடங்க நான்கு நாள் இருக்கும்போதுதான் குழாயடியில் விழுந்தாள்.

"கழுத்து நெறையப் போடுறேன்னு சொன்னேனே" என்று ஆட்டோவிலேயே மூக்கை உறிஞ்சினாள். வீட்டுக்கு வந்து காப்பி குடித்ததும் அழுகை நின்றது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நீங்க போங்க."

"எங்க?"

"கிளாஸுக்கு. நூலோட பொழங்குற கையிதான? படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. ஒரு கையி நான், ஒரு கையி நீங்க."

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கடையில் உளுந்து கேட்டுத் துவரம்பருப்பைக் கட்டிக் கொடுத்தால், வாங்கிக்கொண்டு வந்துவிடுகிற ஆள் நான். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தும் முன்னால் நிற்பவரை விலகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். தறிக்கூடம் எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம், அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதுதான். அப்படிப்பட்டவனைப் பெண்கள் படிக்கும் வகுப்புக்குப் போகச் சொல்கிறாள். மாட்டேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். போனேன்.

மாடிப்படி ஏறும்போதே வளையல் சத்தமும் பேச்சும் கேட்டது. தலை தெரிந்ததும் எல்லாம் நின்றது. பதினோரு பெண்கள். என் மகளைவிட ஓரிரண்டு வயது மூத்தவளாக ஒரு பெண் எழுந்து, "அண்ணாச்சி, ஃபேன்சி ஸ்டோர் கீழ" என்றாள். அவள்தான் டீச்சர்.

மனைவி பெயரைச் சொன்னேன். கை முறிந்ததைச் சொன்னேன். படியிலேயே நின்றேன். கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, "அதுக்கு என்னண்ணே, உக்காருங்க. எங்க வீட்டு மனுசன் எனக்குக் கை ஒடஞ்சா கஞ்சிகூட வைக்க மாட்டாரு" என்றார். சுவரோரமாக ஒரு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். கடைசி வரை அதுதான் என் இடம்.

முதல் நாளே இரண்டு காரியத்தில் எனக்கு மதிப்பு வந்துவிட்டது. பாசி கோக்கும் ஊசி தலைமுடி கனம்தான் இருக்கும். அதன் காதில் நூல் நுழைக்க எல்லோரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எச்சில் தொட்டு, கண்ணைச் சுருக்கிப் போராடிக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்காமலே கோத்துவிட்டேன். அறுந்த இழையை எடுத்துத் தறிச் சீப்பின் பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற கை அது. அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் பதினோரு ஊசியும் என்னிடம் வரிசையாக வந்தன. இரண்டாவது, நான் கொண்டுபோன பேண்டேஜ் துணி. வெட்டுத் துண்டு ஒன்றை நாலாக மடித்து எதிரில் விரித்தேன். தட்டில் ஓடிக்கொண்டிருந்த பாசி இந்தத் துணியில் கொட்டினால் அசையாமல் நிற்கும். அடுத்த வாரம் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கொண்டுபோனேன். அதைக் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் மேஜைமேல் வைத்துவிட்டு என் நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

மதிப்பெல்லாம் அதோடு சரி. பின்னத் தொடங்கியதும் என் லட்சணம் தெரிந்துவிட்டது. பேண்டேஜ் துணி நெருக்கி நெய்யக் கூடாது. காற்றுப் போக வேண்டும், கண் தெரிய வேண்டும். இருபது வருடப் பழக்கம் என் விரலில் இருந்தது. நான் பின்னிய பட்டையை டீச்சர் தூக்கிப் பிடித்தாள். அது செத்த பாம்பு போலத் தொங்கியது.

"அண்ணாச்சி, இது கழுத்துக்கா, காயத்துக்கா?"

மாடியே சிரித்தது. நானும் குனிந்துகொண்டு சிரித்தேன். இன்னொன்று, நூல் தீர்ந்தபோது யாரையும் கேட்காமல் தறிக்காரன் முடிச்சைப் போட்டு அடுத்த நூலை இணைத்துவிட்டேன். உலகத்திலேயே சின்ன முடிச்சு அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாசியின் துளை அதைவிடச் சின்னது. இழுத்தேன். பாசி பட்டென்று உடைந்து எங்கோ தெறித்தது. "முடிச்சே கூடாது அண்ணாச்சி. புது நூல உள்ளயே ஓட விட்டு மறைக்கணும்" என்றாள் டீச்சர்.

அன்றைக்கு அவள் சொல்லிக்கொடுத்த தையலுக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். காதில் விழுவதை அப்படியே எழுதுவேன். என் காதில் விழுந்தது "பேயோட்டி." பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாதி எழுதிய நோட்டு ஒன்றை வாங்கி வந்திருந்தேன். அதில் பெரிதாகப் பேயோட்டி என்று எழுதி அடிக்கோடு போட்டேன். விநோதமான பெயர்தான். ஆனால் ஊசி போகிற போக்கைப் பார்த்தால் பொருந்தத்தான் செய்தது. ஒரு பாசியைக் கோக்க வேண்டும், ஒன்றைத் தாண்ட வேண்டும், அடுத்ததற்குள் நுழைய வேண்டும், திரும்பி வர வேண்டும். பேயை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் விரட்டுகிற மாதிரி. சரியா என்று கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளா நான்?

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"பேயோட்டியா? நல்லாக் கேட்டீங்களா?"

"அந்தப் பிள்ள அப்படித்தான் சொல்லிச்சு."

"ம். இங்கிலீஷ்காரன் என்ன பேரு வேணும்னாலும் வைப்பான்" என்று விட்டுவிட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் அது பேயோட்டிதான். வேலை விட்டு வந்ததும், "சாப்பிட்டுட்டு பேயோட்ட உக்காருங்க" என்பாள்.

நோட்டில் நான் எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன். பின்னால் நடந்ததற்கு எல்லாம் இதுதான் காரணம்.

"பேயோட்டி. இரட்டைப்படை. முதலில் காவல் ஒன்று. வால் ஒரு சாண் விடு. சிவப்பு பன்னிரண்டு. பிறகு ஒன்று விட்டு ஒன்றில் குத்து. முடிச்சுப் போடாதே. மகள் கழுத்து வந்ததும் நிறுத்து. கடைசியில் வாலை உள்ளே விட்டு அறு."

காவல் என்பது முதலில் கோத்து நிறுத்துகிற ஒற்றைப் பாசி. மற்ற பாசிகள் நழுவி ஓடாமல் அது காவல் நிற்கும். வால் என்பது மிச்சம் விடுகிற நூல். எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது.

மூன்றாவது வாரம் என் கை இறுகியது. அது எப்படி நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இழுத்த இழுப்பில் ஒரு வரிசைப் பாசி முந்தின வரிசையின் இடுக்குகளில் போய்ப் பல் சேர்ந்தது போல உட்கார்ந்தது. விரலால் தடவினேன். துணி மாதிரி இருந்தது. பாசி கல், ஆனால் துணி மாதிரி மடங்கியது. தறியில் ஒரு நாளைக்கு எத்தனையோ மீட்டர் ஓடுகிறது, அதில் ஒரு முழத்தையாவது நான் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில்லை. இந்த இரண்டு விரற்கடைப் பட்டையை பஸ்ஸில் சட்டைப் பைக்குள் கைவிட்டுத் தடவிக்கொண்டே வந்தேன். அன்றைக்கும் அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்கினேன். கூச்சத்தால் அல்ல, மறந்துபோய்.

அடுத்த வாரங்களில் வேறு தையல்களும் வந்தன. ஒன்று செங்கல் தையல். சுவர் கட்டுகிற மாதிரி ஒரு செங்கல்லின் பாதியில் அடுத்த செங்கல் உட்காரும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறைத்தால் முக்கோணம் வந்துவிடும். இன்னொன்று மீன்முள். இரண்டிரண்டு பாசியாகச் சாய்ந்து, மீனைத் தின்றுவிட்டு வைத்த முள் போலவே இருக்கும். இந்த இரண்டுக்கும் டீச்சர் தமிழிலும் பெயர் சொன்னாள், நல்லவேளை. மீன்முள்ளை ஐந்து முறை அவிழ்த்தேன். ஆறாவது முறை சரியாக வந்தபோது வாய்விட்டு "ஆ" என்றுவிட்டேன். பக்கத்து நாற்காலி அம்மா, "என்னண்ணே, ஊசி குத்திருச்சா?" என்றார். "இல்ல, வந்துருச்சு" என்றேன். அந்த வகுப்பில் நானாக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் நிறம் எல்லாம் மனைவி பொறுப்பு. பால்கோவா டப்பாக்களில் பாசியைப் பிரித்துவைத்து, இடது கையால் ஒவ்வொன்றாகத் தள்ளுவாள். சிவப்புத் தரையில் மஞ்சள் கட்டம், ஓரத்தில் பச்சை. நடுவில் தொங்க செங்கல் தையலில் ஒரு முக்கோணம். கொக்கி கிடையாது. கொக்கி உலோகம் ஆயிற்றே. இரண்டு பக்கமும் பட்டுக் கயிறு வைத்துப் பிடரியில் கட்டிக்கொள்வது. "ஏழு செவப்பு. அடுத்தது மஞ்ச. ஏங்க, மஞ்சன்னேன்" என்று அவள் சொல்லச் சொல்ல நான் கோப்பேன். முப்பது வருடமாக எங்கள் வீட்டில் அவள் பேசுவாள், நான் கேட்பேன். இப்போது அதற்கு ஒரு உபயோகம் வந்துவிட்டது.

நான் பின்னுவது மகளுக்கோ சம்பந்தி வீட்டுக்கோ தெரியக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. "எங் கையால" என்று அவள் சொல்லியிருக்கிறாள், கட்டோடு அவளே பின்னுவதாகத்தான் அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ, பெண்களோடு உட்கார்ந்து பாசி கோக்கிறேன் என்று எப்படி அந்த வீட்டில் சொல்வது? வகுப்பு முடிந்ததும் மகளைப் பார்க்கப் போவேன். சம்பந்தியம்மா முன்கூடத்தில் தையல் மிஷினில் இருப்பார். ரவிக்கை தைப்பவர். அந்தத் தெருவில் அவர் அளவெடுக்காத பெண் கிடையாது. குரல் மிஷினைத் தாண்டிக் கேட்கும். நல்ல மனுஷி.

"என்னண்ணே, வாராவாரம் வந்துருதீங்க. எங்கூர்ல என்ன சோலி?"

"சும்மா. ஒரு ஆளப் பாக்க."

"எந்த ஆளு?"

"தெரிஞ்ச ஆளு." அதற்குமேல் நான் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடுவேன்.

ஆறாவது வாரம் கழுத்து அளவு தேவைப்பட்டது. மகளிடம், "செத்த நேரம் நில்லு தாயி, அம்மா அளவு கேட்டா" என்று நூலைக் கழுத்தில் சுற்றி, முட்டுகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, அந்த நூலை நோட்டுக்குள் வைத்தேன். சம்பந்தியம்மா அப்போது அடுக்களையில் இருந்தார். காப்பி வந்தது. நோட்டைத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுக் குடித்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். நோட்டு மிஷின் மேலேயே இருந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி, அண்ணே இருக்காரா பக்கத்துல? இருக்கட்டும், அவரும் கேக்கட்டும். வாராவாரம் ஒரு ஆளப் பாக்க வாரேன், ஒரு ஆளப் பாக்க வாரேன்னாரே, யாருன்னு இப்பத்தான தெரியுது."

என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு நோட்டு ஞாபகம் வந்து காது சூடேறியது.

"பேயோட்டின்னு கொட்ட எழுத்துல எழுதியிருக்கு. காவலு வைக்கணுமாம். வால அறுக்கணுமாம். ஒன்னு விட்டு ஒன்னுல குத்தணுமாம். மக கழுத்து வந்ததும் நிறுத்தணுமாம்! உள்ள முடிச்சுப் போட்ட நூலு வேற. எம் மருமகளுக்கு என்ன மதினி? அவ நல்லாத்தான இருக்கா? அவளுக்கு ஏதோ புடிச்சிருக்குன்னு நெனச்சா எங்கிட்டச் சொல்ல வேண்டாமா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு. "மதினி, மதினி, அது தையலு. பாசித் தையலு" என்றாள்.

"தையலா? நாப்பது வருசமா நான் தைக்கிறேன். ஓட்டுத் தையலு தெரியும், சங்கிலித் தையலு தெரியும், காஜா தெரியும். பேயோட்டித் தையல்னு எந்தச் சிறுக்கியும் சொல்லி நான் கேட்டதில்ல. சிரிக்காதீங்க மதினி. மந்திரிச்ச பாசி எம் மருமக கழுத்துல ஏறாது. சொல்லிட்டேன். வளைகாப்புக்கு அவ மொட்டைக் கழுத்தோடயே உக்காரட்டும்."

பிறகு மகள் பேசினாள். குரல் தணிந்திருந்தது. "அப்பா, நெசமாச் சொல்லுங்க. எனக்கு எதும் கோளாறுன்னு யாராவது சொன்னாங்களா?"

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்றுமில்லை தாயி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது. என் மனைவிதான், "ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் வாறோம்" என்று வைத்தாள்.

வளைகாப்புக்குப் பதினேழு நாள் இருந்தது. அட்டிகை முக்கால் பாகம் முடிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நானே எங் கையால காட்டியிருவேன். கையி இப்படிக் கெடக்கே. நீங்கதான் காட்டணும்" என்றாள்.

"எல்லாரும் பாக்க?"

"எல்லாரும் பாக்கத்தான். வாயால சொன்னா அவிய நம்ப மாட்டாக. நீங்க பேச வேண்டாம். பின்னுனா போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நேரே சம்பந்தி வீட்டுக்குப் போனோம். முன்கூடத்தில் சம்பந்தியம்மா, அவர் வீட்டுக்காரர், மருமகன், மகள் இருந்தார்கள். பேய் விவகாரம் என்றதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்து வாசல்படியில் நின்றார்கள். என் நோட்டு தையல் மிஷின் மேல் இருந்தது. அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தது.

பாயில் உட்கார்ந்தேன். பேண்டேஜ் துணியை விரித்தேன். டப்பாவைத் திறக்கும்போது மூடி தெறித்துச் சிவப்புப் பாசி கொட்டியது. துணியில் விழுந்தது நின்றது, தரையில் விழுந்தது ஓடியது. ஊசியை எடுத்தேன். நூல் ஒரே தடவையில் போய்விட்டது.

"ஏ யப்பா" என்றார் சம்பந்தியம்மா, தன்னை அறியாமல். மிஷின் ஊசியில் நூல் கோக்க அவர் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவர்.

அதன்பிறகு நான் யாரையும் பார்க்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினேன். ஒரு பாசி, ஒன்றைத் தாண்டு, அடுத்ததில் நுழை, இழு. இரண்டு வரிசை போனதும் கை தன் போக்குக்கு வந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் என் முகத்துக்கு நேரே சம்பந்தியம்மாவின் மூக்குக் கண்ணாடி வந்து நின்றது.

"ஒன்னு விட்டு ஒன்னா?"

"ஆமா தங்கச்சி."

"அப்ப வாலு?"

தொங்கிய நூலைக் காட்டினேன்.

"காவலு?"

ஓரத்துப் பாசியைக் காட்டினேன். "இது நிக்கலேன்னா மத்ததெல்லாம் ஓடிரும்."

"மக கழுத்து?"

நான் மகளைப் பார்த்தேன். "அவ கழுத்துதான். நோட்டுக்குள்ள கெடக்குற முடிச்சு நூலு அந்த அளவுதான்."

சம்பந்தியம்மா பட்டையைக் கையில் வாங்கினார். உள்பக்கம் திருப்பினார். நகத்தால் நெருடினார். வெளிச்சத்தில் பிடித்து ஊடே பார்த்தார். நாற்பது வருடம் தைத்தவர் பார்க்கிற பார்வை அது.

"இம்புட்டும் நீங்களா பின்னுனது?"

"நெறம் அவ. கையி நான்" என்று மனைவியைக் காட்டினேன்.

"எங்க படிச்சீங்க?"

"இங்கதான், ஃபேன்சி ஸ்டோர் மாடியில. ஞாயித்துக்கெழம. பொம்பளையாளுகளோட."

சொல்லிவிட்டேன். வாசல்படியில் ஒருத்தி களுக்கென்றாள். சம்பந்தியம்மா அவள் பக்கம் திரும்பினார். "எதுக்குட்டி சிரிக்க? ஒம் புருசன் ஒரு பித்தான் தச்சிருக்கானா?" பிறகு என்னிடம், "அப்ப பேய எங்கதான் ஓட்டுறது, அண்ணே?" என்றார்.

"டீச்சர் அப்படித்தான் பேரு சொல்லிச்சு."

அதுவரை போனையே நோண்டிக்கொண்டிருந்த மருமகன் தலையைத் தூக்கினார். "மாமா, இது பெயோட்டி. பெயோட்டி ஸ்டிச். இந்தா படம் போட்டிருக்கு."

போனில் என் அட்டிகை போலவே ஒரு பட்டை இருந்தது. அடியில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. எட்டு வார வகுப்பில் ஏழாவது வாரம்தான் எனக்குத் தையலின் பெயர் தெரிகிறது.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாவின் வீட்டுக்காரர். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு கூடமே சிரித்தது. என் மனைவி மாவுக்கட்டால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எலுமிச்சம்பழத்த வேற வச்சேனே! அஞ்சு நாளா ஒறங்கலியே!" என்றார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, போதும் அத்தை, உள்ள உதைக்குது" என்றாள். நானும் சிரித்தேன். குனியாமல் சிரித்தேன் என்று பிறகு மனைவி சொன்னாள்.

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சர்பத் போட்டார்கள். குடித்துக்கொண்டே சம்பந்தியம்மா மறுபடி பட்டையைத் தூக்கிப் பார்த்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இதென்ன, செவப்புக்கு நடுவுல ஒத்த மஞ்ச?"

தவறுதான். மனைவியும் நானும் எத்தனை முறை பார்த்தும் கண்ணில் படாதது அவர் கண்ணில் பட்டுவிட்டது. முப்பது வரிசைக்கு முன்னால் இருந்தது. "அவுத்துப் போட்டுரட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்ணே, கெடக்கட்டும். திருஷ்டிக்கு ஆச்சு. பேயோட்டின்னு பேரு வச்சாச்சு, ஒரு பேயாவது ஓடட்டும்."

மிச்சத்தை அந்த வாரத்திலேயே ஏறக்குறைய முடித்தேன். கடைசி வகுப்பில் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். நானாகவே, கேட்காமலே, பதினோரு பேர் முன்னால் சொன்னேன். டீச்சர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். வளைகாப்புக்கு நான்கு நாள் முன்னால் மனைவியின் கட்டைப் பிரித்தார்கள். கை வெளிறி, மெலிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. விரல் மடங்கியது, பிடிக்கப் பலம் இல்லை. கடைசி வரிசையை மட்டும் மிச்சம் வைத்திருந்தேன். பன்னிரண்டு பாசி அகலப் பட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு பாசிதான் வரும். அதை அவள் தன் வலது கையாலேயே கோத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. வாலை உள்ளே விட்டு அறுத்ததும் அவள்தான்.

வளைகாப்பு சம்பந்தி வீட்டு மாடியில் பந்தல் போட்டு நடந்தது. மணையைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். ஆண்களுக்கு அங்கே வேலை இல்லை. நான் பந்தி நடக்கிற இடத்தில் புளியோதரை அண்டாவுக்குப் பின்னால் இடம் பிடித்துக் கரண்டியை வாங்கிக்கொண்டேன். அங்கே நின்றால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. பிறகு கொஞ்ச நேரம் சத்தம் அமர்ந்தது. என்னவென்று எட்டிப் பார்த்தேன். மனைவி மகளின் பின்னால் நின்று அட்டிகையின் பட்டுக் கயிற்றைக் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு நழுவியது. மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது. விரல் கேட்கவில்லை. யாரோ ஒரு பெண் "நான் கட்டுறேன்" என்று வந்தாள். மனைவி விடவில்லை.

அப்போது சம்பந்தியம்மாவின் குரல் பந்தலைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது.

"எங்க அந்தப் பேயோட்டி? கூப்பிடுங்க அவியள!"

நாற்பது ஐம்பது முகங்கள் அண்டாவின் பக்கம் திரும்பின. கரண்டியை வைத்தேன். கையில் எண்ணெய். வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்தேன். பட்டுப்புடவைகள் விலகி வழி விட்டன. என்னோடு வகுப்பில் படித்த அம்மாக்கள் இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். "விடாதீங்கண்ணே!" என்று ஒருவர் சொன்னார்.

மனைவி கயிற்றின் இரண்டு முனையையும் என் கையில் கொடுத்தாள். அவள் கையை எடுக்கவில்லை. முனைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். எட்டு வாரமாக முடிச்சுப் போடாதே முடிச்சுப் போடாதே என்று கேட்டவன், அந்த அட்டிகையிலேயே ஒரே ஒரு முடிச்சைப் போட்டேன். தறிக்காரன் முடிச்சு. ஓடுகிற தறியில் அவிழாத முடிச்சு அது.

"இறுக்கமா இருக்கா தாயி?"

மகள் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். அந்த ஒரு விரல் இடத்தை நான்தான் அளவுக்கு மேலே விட்டிருந்தேன். காற்றுப் போக வேண்டும் அல்லவா.

"இல்லப்பா. சரியா இருக்கு."

சம்பந்தியம்மா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். "எங்க மதினி சொன்னா சொன்னபடி போட்டுட்டாக, பாருங்க!" என்றார். அந்த ஒற்றை மஞ்சள் பாசி எங்கே இருக்கிறது என்று வருகிற ஒவ்வொருவருக்கும் விரல் வைத்துக் காட்டினார். என் மனைவி தன் மெலிந்த கையால் மகளின் கையில் முதல் கண்ணாடி வளையலை ஏற்றினாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. எனக்கும் போகத் தோன்றவில்லை.

பந்தியிலிருந்து ஒருவர் கத்தினார்: "புளியோதரைக்கு ஆள் எங்கப்பா?"

"செத்த நேரம் பொறுங்க, வாரேன்" என்றேன். என் குரல் அவ்வளவு தூரம் கேட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.